பிரேக்கும் பெருவிரலும்



ஒரு திங்கட்கிழமை காலையில் ஐந்தாம் வகுப்பில் வருகையைப் பதிந்துகொண்டிருந்தேன். எப்போதும் முதல் ஆளாகக் கையைத் தூக்கும் ஒரு பையன் அன்று தலையைக் குனிந்தபடி உட்கார்ந்திருந்தான். இடைவேளையில் அழைத்து, "என்ன தம்பி, உடம்பு சரியில்லையா?" என்று கேட்டேன். சற்று நேரம் பேசாமல் நின்றவன் பிறகு விஷயத்தைச் சொன்னான்.

முந்தின நாள் ஞாயிற்றுக்கிழமை. அவன் தகப்பனார் பால்மரம் வெட்டும் தொழிலாளி. பல மாதம் காசு சேர்த்துப் புதிய ரீலும் தடியும் வாங்கியிருந்தார். பக்கத்து வீட்டுக்காரர்களோடு கழிமுகத்திற்கு மீன் பிடிக்கப் போனார். பெரிய திருக்கை ஒன்று தூண்டிலில் மாட்டிக்கொண்டது. நரம்பை இழுத்துக்கொண்டு அது ஓடியது, ஓடியது, ஓடிக்கொண்டே இருந்தது. ரீலில் நரம்பு கொஞ்சமே மிஞ்சியிருந்த நேரத்தில் 'பட்'டென்று அறுந்தது. கூட வந்தவர்கள் சிரித்தார்கள். அவர்களில் ஒருவர், "கித்தா வெட்டுற கைக்கு ரீல் எதுக்கு?" என்று கேட்டுவிட்டார். அந்தச் சொல் பையன் மனத்தில் தைத்துவிட்டது.

"அப்பா பிரேக்கைத் தொடவே இல்ல சார். கடையில வச்சுக் கொடுத்த மாதிரியேதான் இருந்துச்சு. அப்புறம் ஏன் சார் அறுந்துச்சு?" என்று கேட்டான்.

நேயர்களே, அந்தச் சிறுவனின் கேள்வி மிக நல்ல கேள்வி. பிரேக்கை யாரும் தொடவில்லை, நரம்பும் புதியது. மீன் ஓடத் தொடங்கியபோது அறுபடாத நரம்பு, நெடுந்தூரம் ஓடிய பிறகு ஏன் அறுந்தது? கை தெரியாத கையா, அல்லது காரணம் வேறு எங்கேனும் உள்ளதா? இந்தக் கேள்விக்கு விடை தேடுவதே இன்றைய நம் பேச்சு. அதற்காக முதலில், பிரேக்கே இல்லாத ஒரு ரீலை உங்களுக்கு அறிமுகப்படுத்த விரும்புகிறேன். பிரேக் இல்லாமல் மீன் பிடிப்பவர் என்ன செய்கிறார் என்று தெரிந்துகொண்டால், பிரேக் என்ன செய்கிறது, எதைச் செய்ய முடியாமல் நிற்கிறது என்பது தானே விளங்கிவிடும்.

நரம்பைச் சுற்றி வைக்க ஓர் உருளை வேண்டும் என்ற எண்ணம் மிகப் பழமையானது. சீன ஓவியர் மா யுவான் ஏறக்குறைய 1195-ஆம் ஆண்டில் தீட்டிய ஓர் ஓவியத்தில், குளிர்கால ஏரி நடுவே தனிப் படகில் ஒருவர் அமர்ந்து மீன் பிடிக்கிறார். அவர் கையிலுள்ள தடியில் சிறு சக்கரம் ஒன்று இருப்பதை இன்றும் காணலாம். இங்கிலாந்தில் 1650-களில் வெளிவந்த தூண்டில் நூல்களில் இத்தகைய சக்கரம் பற்றிய குறிப்பு வருகிறது. பத்தொன்பதாம் நூற்றாண்டில், இங்கிலாந்தின் டிரென்ட் ஆற்றங்கரையிலுள்ள நாட்டிங்ஹாம் நகரத்தார் மரத்தால் ஒரு ரீல் செய்தார்கள். அதற்கு நாட்டிங்ஹாம் ரீல் என்றே பெயர் நிலைத்தது. அந்த வழியில் வந்ததே 'சென்டர்பின்' ரீல்.

அது எப்படிப்பட்டது என்று சொல்கிறேன், மனக்கண்ணில் பாருங்கள். நடுவில் ஓர் உருக்கு அச்சு. அதன் மேல் அகலம் குறைந்த, விட்டம் பெரிய ஓர் உருளை. விட்டம் சுமார் 10 அல்லது 11 சென்டிமீட்டர் இருக்கும். முகப்பில் பிடித்துச் சுற்ற இரண்டு சிறு குமிழ்கள். அவ்வளவுதான். உள்ளே பல்சக்கரங்களின் கூட்டம் கிடையாது. குமிழை ஒரு சுற்றுச் சுற்றினால் உருளையும் ஒரு சுற்றே சுற்றும். ஏறத்தாழ 30 சென்டிமீட்டர் நரம்பு உள்ளே வரும். நடு அச்சில் சுழல்வதால்தான் அந்தப் பெயர். நல்ல சென்டர்பின் ரீலை விரலால் ஒரு தட்டுத் தட்டிவிட்டால் ஒரு நிமிடத்திற்கு மேலும் ஓசையின்றிச் சுழன்றுகொண்டிருக்கும்.

மரத்தில் செய்தால் ஈரத்தில் ஊதிப்போய் உருளை சிக்கிக்கொள்ளும் அல்லவா? ஆகவே பிற்காலத்தில் பித்தளையும் அலுமினியமும் வந்தன. இங்கிலாந்தில் ரெடிச் என்றோர் ஊர் உண்டு. தையல் ஊசிக்கும் தூண்டில் முள்ளுக்கும் பேர்போன ஊர் அது. அங்கிருந்த ஆல்காக் நிறுவனத்தார் 1890-களில் 'ஏரியல்' என்ற ரீலைக் கொண்டுவந்தனர். நம் சைக்கிள் சக்கரத்தில் கம்பிகள் இருப்பதைப் போல அந்த உருளையிலும் மெல்லிய கம்பிகள் இருந்தன. கனம் குறைந்தது, சுழற்சி கூடியது.

இனி இந்த ரீலைக் கொண்டு மீன் பிடிப்பவரைப் பார்ப்போம். டிரென்ட் போன்ற ஓடும் ஆற்றில் அவர் தக்கையைப் போடுகிறார். ஆறு தக்கையை இழுத்துச் செல்கிறது. அந்த மெல்லிய இழுப்புக்கே உருளை சுழன்று நரம்பை விட்டுக்கொண்டிருக்கிறது. தடியைப் பிடித்த கையின் பெருவிரல் உருளையின் விளிம்பில் பட்டும் படாமலும் இருக்கிறது. விரலைச் சற்றே அழுத்தினால் தக்கையின் வேகம் குறையும். ஆனால் அடியிலுள்ள இரையை நீரோட்டம் முன்னே தள்ளும். தக்கைக்கு முன்னால் இரை போகும்; மீன் காண்பது இரையை முதலில், நரம்பை அல்ல. இந்த ஒரு நுட்பத்திற்காகவே ரோச், சப், பார்பெல் ஆகிய ஆற்று மீன்களைப் பிடிப்பவர்கள் இன்றும் சென்டர்பின்னை விரும்புகிறார்கள். பார்பெல் என்பது நம் நாட்டுக் காட்டாறுகளில் வாழும் கெலா மீனைப் போலவே கெண்டைக் குடும்பத்தைச் சேர்ந்தது. நீரோட்டத்தோடு மல்லுக்கட்டும் வலிய மீன்.

தக்கை அமிழ்கிறது. பெருவிரல் உருளையைக் கெட்டியாக அழுத்த, தடி மேலெழும்புகிறது, முள் தைக்கிறது. மீன் பாய்கிறது. உடனே விரல் தளர்கிறது, உருளை சுழல்கிறது. மீன் களைக்கிறது, விரல் அழுத்துகிறது. மீண்டும் பாய்கிறது, மீண்டும் தளர்கிறது. மீன் நம்மை நோக்கி வந்தால், உள்ளங்கையால் உருளையின் விளிம்பைத் தட்டித் தட்டிச் சுழற்றி நரம்பை விரைவாகச் சேர்ப்பார்கள். இப்படி, கடைசிவரை மீனுக்கும் மனிதனுக்கும் நடுவே இருக்கும் ஒரே பிரேக் அந்தப் பெருவிரலின் தோல்தான்.

இதில் இடர்கள் இல்லையா என்றால், உண்டு. மீன் ஓடும்போது உருளையோடு குமிழ்களும் பின்னோக்கிச் சுழலும். விரல் கணு குறுக்கே நின்றால் அடி வாங்கும். மீன் சட்டென்று நின்றுவிட்டாலும் உருளை தன் வேகத்தில் சுழன்றுகொண்டே இருக்கும். அதை விரல் நிறுத்தாவிட்டால் நரம்பு தளர்ந்து, குருவிக்கூடு போலச் சிக்கிக்கொள்ளும். ஆகவே இந்த ரீலை வைத்திருப்பவர் வேடிக்கை பார்க்க முடியாது. கவனம் ஒரு கணம் விலகினாலும் காரியம் கெட்டுவிடும்.

இந்தத் தொல்லைகளால்தான் வேறு வகை ரீல்கள் பரவின. நெசவாலைத் தொழிலில் இருந்த ஆல்ஃபிரட் இல்லிங்வொர்த் என்ற ஆங்கிலேயர் 1905-ஆம் ஆண்டில், உருளை அசையாமல் நிற்க நரம்பு மட்டும் அதன் முனை வழியே கழன்று பாயும் ரீலுக்குக் காப்புரிமை பெற்றார். இன்று நம் கடைகளில் தொங்கும் ரீல்களில் பெரும்பாலானவை அந்தப் பரம்பரையில் வந்தவையே. அந்தச் சிறுவனின் தகப்பனார் வாங்கியதும் அதுதான்.

அந்த வகை ரீல்களில் பிரேக் எப்படி வேலை செய்கிறது? ஒரு திருகு இருக்கும். அதன் கீழே வட்டத் தகடுகள் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கப்பட்டிருக்கும். ஓர் உலோகத் தகடு, அதன்மேல் கம்பளித் துணியாலோ தோலாலோ ஆன ஒரு தகடு, மறுபடியும் உலோகம் என்று மாறி மாறி இருக்கும். விலை உயர்ந்தவற்றில் கார்பன் இழைத் தகடுகள் இருக்கும். திருகை இறுக்கினால் தகடுகள் நெருங்கி ஒன்றையொன்று அழுத்தும்; உராய்வு கூடும். மீனின் இழுப்பு அந்த உராய்வை மிஞ்சும்போது மட்டும் தகடுகள் வழுக்கி, நரம்பை விட்டுக்கொடுக்கும். கைப்பிடி பின்னோக்கிச் சுழலாது, விரலில் அடிபடாது. எவ்வளவு நல்ல ஏற்பாடு!

அப்படியானால் நரம்பு ஏன் அறுந்தது? இங்கேதான், நேயர்களே, உங்கள் வீட்டுக் கதவு நமக்குப் பாடம் சொல்லப்போகிறது.

இப்போதே எழுந்து போய், பாதி திறந்த கதவைக் கைப்பிடி உள்ள ஓரத்தில் ஒரு விரலால் தள்ளிப் பாருங்கள். எளிதாக நகரும். அடுத்து, கீல் இருக்கும் பக்கமாக, கீலுக்கு நான்கு விரற்கடை தள்ளி, அதே ஒரு விரலால் தள்ளுங்கள். விரல் வலிக்கும், கதவு அசைய மறுக்கும். கதவு அதே கதவு, கீலும் அதே கீல். தள்ளும் இடம் மட்டும்தான் மாறியது. சுழலும் மையத்திற்கு அருகில் போகப்போகக் கூடுதல் பலம் வேண்டும். தொலைவு பாதியானால் பலம் இரண்டு மடங்காக வேண்டும்.

ரீலுக்கு வருவோம். நரம்பு நிறையச் சுற்றியிருக்கும்போது, மையத்திலிருந்து நரம்பின் மேற்சுற்று வரை 2 சென்டிமீட்டர் தொலைவு இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். மீன் நெடுந்தூரம் ஓடியபின், சுற்றுகள் குறைந்து அந்தத் தொலைவு 1 சென்டிமீட்டர் ஆகிவிடுகிறது. பிரேக்கின் இறுக்கம் மாறவில்லை. ஆனால் மீன் இப்போது கீலுக்கு அருகிலே கதவைத் தள்ளுவது போல் இழுக்கிறது. முன்பு 3 கிலோ இழுப்புக்கு வழுக்கிய பிரேக், இப்போது 6 கிலோ இழுத்தால்தான் வழுக்கும். பிரேக்கை யாரும் தொடவில்லை. ஆனாலும் நரம்பின் மேல் விழும் பாரம் இரட்டிப்பாகிவிட்டது.

அது மட்டுமன்று. தடி வளைந்திருக்கையில் நரம்பு ஒவ்வொரு வளையத்திலும் உரசுகிறது. அதற்கும் பலம் வேண்டும். நீரில் கிடக்கும் நூறு மீட்டர் நரம்பை நீர் எதிர்த்து இழுக்கிறது. நைலான் நீரில் ஊறினால் வலிமை சற்றுக் குறையும். முடிச்சுப் போட்ட இடத்தில் இன்னும் குறையும். இத்தனையும் கூடினால் என்ன ஆகும்?

மறுநாள் அந்தத் தகப்பனார் ரீலைப் பள்ளிக்கு எடுத்து வந்தார். அறிவியல் பாடத்திற்கு நாங்கள் பயன்படுத்தும் வில் தராசை நரம்பில் கட்டி இழுத்துப் பார்த்தோம். மிச்சமிருந்த உருளையில் மீண்டும் நரம்பை நிறையச் சுற்றிச் சோதித்தபோது, பிரேக் வழுக்கியது ஏறக்குறைய 3 கிலோவில். நரம்பின் டப்பாவில் எழுதியிருந்த தாங்கும் பாரம் 6 கிலோ. நரம்பு தீரும் தறுவாயில் என்ன நேர்ந்திருக்கும் என்று கணக்கைப் பையனையே கரும்பலகையில் போடச் சொன்னேன். மூன்றை இரண்டால் பெருக்கி ஆறு என்று எழுதினான். எழுதிவிட்டுத் தன் அப்பாவைத் திரும்பிப் பார்த்தான். அறுந்ததற்குக் காரணம் அவர் கை அல்ல, கணக்கு என்பது அவனுக்கு விளங்கிவிட்டது.

சென்டர்பின் ரீலில் இந்தச் சங்கடம் அவ்வளவாக இல்லை. ஏன் தெரியுமா? அதன் உருளை பெரியது. பத்து சென்டிமீட்டர் விட்டமுள்ள உருளையில் நூறு மீட்டர் மெல்லிய நரம்பைச் சுற்றினாலும், அடுக்கின் தடிமன் ஓரிரு மில்லிமீட்டரைத் தாண்டாது. மீன் அத்தனையையும் இழுத்துக்கொண்டு போனாலும் மையத்திலிருந்து தொலைவு மாறியதாகவே தெரியாது. அப்படியே பாரம் கூடினாலும் தடியின் வளைவைக் கண்டு விரல் உடனே தளர்ந்துவிடும்.

இன்னொரு வேறுபாடும் உண்டு. துணி அலமாரியை நகர்த்தியிருப்பீர்கள். முதல் அசைவுக்குத்தான் முழுப் பலமும் வேண்டும். அசைந்தபின் குறைந்த பலத்தில் நகரும். பிரேக் தகடுகளும் அப்படித்தான். அசையாமல் ஒட்டி நிற்கும் தகடு, முதல் வழுக்கலுக்கு முன் ஒரு கணம் அடம் பிடிக்கும். மீன் திடுமெனப் பாயும் அந்தக் கணத்தில்தான் மெல்லிய நரம்புகள் அறுகின்றன. பல மாதம் இறுக்கியபடியே சுவரில் தொங்கிய ரீலில் தகடுகள் நசுங்கி ஒட்டிக்கொள்வதால் இந்த அடம் இன்னும் அதிகம். அதனால்தான் மீன்பிடித்து முடித்தபின் பிரேக்கைத் தளர்த்தி வைக்க வேண்டும் என்கிறார்கள்.

இதையெல்லாம் கேட்டபின், "அப்படியானால் பெருவிரலே உயர்ந்தது; பிரேக் வேண்டாம்" என்று யாரேனும் முடிவு கட்டிவிடக்கூடாது. விரலுக்கும் ஓர் எல்லை உண்டு. அதை வெப்பக் கணக்கே காட்டிவிடும்.

கைகளைத் தேய்த்தால் சூடேறுகிறது அல்லவா? மீனின் ஓட்டத்தைத் தடுக்கும்போது பிரேக்கிலோ விரலிலோ அந்தச் சூடு பிறந்தே தீரும். ஆற்று மீன் ஒன்று 1 கிலோ இழுப்போடு 30 மீட்டர் ஓடினால் ஏறத்தாழ 300 ஜூல் சக்தி சூடாக மாறுகிறது. ஒரு தேக்கரண்டி நீரைச் சுமார் 14 டிகிரி சூடேற்ற அது போதும். அந்தச் சூட்டை விரலும் உருளையும் பகிர்ந்துகொள்வதால் தாங்கிக்கொள்ளலாம். ஆனால் கடலில் ஒரு பெரிய மீன் 10 கிலோ இழுப்போடு 100 மீட்டர் ஓடினால்? ஏறக்குறைய 10,000 ஜூல். ஒரு குவளைத் தேநீரைப் பன்னிரண்டு டிகிரி சூடேற்றக்கூடிய வெப்பம் பெருவிரலின் நுனித் தோலில் இறங்கினால் தோல் வெந்துவிடும்.

அமெரிக்காவில், கலிபோர்னியாவை அடுத்த கேட்டலினா தீவில், 1898-ஆம் ஆண்டு சார்லஸ் ஹோல்டர் என்பவர் தடியும் ரீலும் கொண்டு 183 பவுண்டு, அதாவது 83 கிலோ எடையுள்ள சூரை மீனைப் பிடித்தார். அக்காலக் கடல் ரீல்கள் சென்டர்பின் அல்ல. ஆயினும் அவற்றிலும் உள் பிரேக் கிடையாது. உருளையின் மேல் ஒரு தோல் துண்டைக் கட்டி, அதைப் பெருவிரலால் அழுத்தித்தான் மீனை நிறுத்தினார்கள். கைப்பிடி பின்னோக்கிச் சுழன்று விரல்களை உடைத்ததும் உண்டு. இந்தத் துன்பத்தைக் கண்டே வில்லியம் போஷன் என்பவர், நட்சத்திர வடிவத் திருகால் இறுக்கும் தகட்டு பிரேக்கை 1913-ஆம் ஆண்டு வாக்கில் வழக்கத்துக்குக் கொண்டுவந்தார். மனிதத் தோலால் தாங்க முடியாத வேலையை இயந்திரத்திடம் ஒப்படைத்தார்கள். அது சரியான முடிவுதான்.

ஆஸ்திரேலியாவின் பிரிஸ்பேன் நகரில் சார்லஸ் ஆல்வி 1920-ஆம் ஆண்டில் தொடங்கிய தொழிற்கூடத்தில், கடற்கரையில் நின்று மீன் பிடிப்பவர்களுக்கான பெரிய உருளை ரீல்கள் செய்யப்பட்டன. நரம்பை வீசும்போது உருளையைப் பக்கவாட்டில் திருப்பிக்கொண்டு, வீசியபின் நேராக்கிச் சென்டர்பின் போலவே சுற்றுவார்கள். அந்த ரீல்களில் பிரேக் இல்லாத நேரடி வகையும் வந்தது. பிரேக் உள்ள வகையும் வந்தது. எது சிறந்தது என்று அங்குள்ளவர்கள் வாதாடிக்கொள்வார்கள். மணலும் உப்பும் புகுந்து கெட்டுப்போக நேரடி வகையில் ஒன்றுமில்லை என்பார் ஒருவர். பெரிய மீன் மாட்டினால் உள்ளங்கை தாங்காது என்பார் மற்றவர். இருவர் சொல்வதும் உண்மையே.

சரி, இரண்டையும் எப்படிச் சேர்த்துப் பார்ப்பது? நான் இப்படிச் சொல்வேன். பிரேக் என்பது முன்கூட்டி எடுத்த ஒரு முடிவு. வீட்டிலோ கடையிலோ நிதானமாக இருந்தபோது, "இவ்வளவுக்கு மேல் நரம்பை வருத்தாதே" என்று நாம் இட்ட கட்டளையை அது மறக்காமல் காக்கும். நாம் பதறினாலும் அது பதறாது. நாம் அசந்தாலும் அது அசராது. ஆனால் நிலைமை மாறிவிட்டது என்பது அதற்குத் தெரியாது. பெருவிரலோ அந்தந்தக் கணத்தில் முடிவெடுப்பது. மாறியதை உணரும், கண் இமைக்கும் நேரத்தில் விட்டுக்கொடுக்கும். ஆனால் அது களைக்கும், சுடும், பயந்தால் இறுக்கிவிடும்.

ஆகவே வழி இதுதான். பிரேக்கைக் குறைவாக வையுங்கள். மிச்சத்தைக் கைக்கு விட்டுவிடுங்கள். பெரும் மீன் ஓடிக்கொண்டிருக்கும்போது இறுக்கமான திருகைச் சரியான அளவுக்குத் தளர்த்துவது கடினம். ஆனால் தளர்வாக வைத்த பிரேக்கோடு, தேவைப்படும்போது உருளையின் விளிம்பை விரலாலோ உள்ளங்கையாலோ மெல்லத் தடுப்பது எளிது. ஆபத்து என்று பட்டால் கையை எடுத்துவிட்டால் போதும். பாரம் அந்தக் கணமே குறைந்துவிடும்.

எவ்வளவு குறைவாக வைப்பது? நரம்பு தாங்கும் பாரத்தில் நான்கில் ஒரு பங்கு என்பது அனுபவசாலிகளின் கணக்கு. மிஞ்சினால் மூன்றில் ஒரு பங்கு. ஏன் என்பது இப்போது உங்களுக்கே விளங்கும். உருளை பாதியாகிப் பாரம் இரட்டித்தாலும், நான்கில் ஒரு பங்கு பாதியாகத்தானே ஆகும்? உராய்வுக்கும் முடிச்சுக்கும் மீதிப் பாதி இருக்கிறது.

இதை அளக்கத் தராசு வேண்டியதில்லை. ஒரு லிட்டர் நீர் ஒரு கிலோ. உங்கள் நரம்பு 4 கிலோ தாங்கும் என்றால், ஒரு லிட்டர் போத்தலில் நீரை நிரப்பி, ரீலிலிருந்து நேரே வரும் நரம்பில் கட்டித் தொங்கவிடுங்கள். திருகை மெல்லத் தளர்த்துங்கள். போத்தல் மெதுவாகக் கீழிறங்கத் தொடங்கும் இடத்தில் நிறுத்திவிடுங்கள். 6 கிலோ நரம்பு என்றால் ஒன்றரை லிட்டர். ரீலில் எப்போதும் நரம்பை விளிம்புக்குச் சற்றுக் கீழே வரை நிறைத்தே வையுங்கள். அரைகுறையாகச் சுற்றிய ரீலில் பாரம் விரைவில் ஏறிவிடும்.

ஒரு முக்கிய எச்சரிக்கை. கையால் தடுப்பதென்றால் உருளையின் விளிம்பைத்தான் தடுக்க வேண்டும். ஓடும் நரம்பை விரலால் பிடிக்கக்கூடாது. நரம்பைக் கையில் சுற்றிக்கொண்டு இழுக்கவே கூடாது. மயிரிழை போன்ற நைலான் நரம்பு, பாரம் ஏறினால் கத்தியாகிவிடும். நம் வீடுகளில் கையில் ஒரு வெட்டு என்றால் அது வெறும் காயம் அன்று. பத்து நாள் கூலி. உளி பிடிக்கும் கையானாலும், செம்பனைக் குலை தள்ளும் கையானாலும், குடும்பத்தின் அரிசி அந்தக் கையில்தான் இருக்கிறது. பிள்ளைகளைக் கூட்டிச் செல்பவர்கள் இதை முதலில் சொல்லிக்கொடுங்கள்.

கடைசியாக, அந்த ஒரு சொல்லுக்கு வருகிறேன். "கித்தா வெட்டுற கைக்கு ரீல் எதுக்கு?" என்றாரே ஒருவர்.

பால்மரம் வெட்டுகிறவர் என்ன செய்கிறார்? பட்டையின் உட்புறத்தில்தான் பால் மிகுதி. அதைத் தாண்டி உளி உள்ளே பட்டால் மரத்திற்குக் காயம்; பட்டை முண்டும் முடிச்சுமாக வளர்ந்து, பின்னாளில் வெட்ட முடியாமல் போகும். மேலோடு வெட்டினால் பால் குறையும். காயத்திற்கும் குறைவிற்கும் இடையே இருக்கும் தூரம் ஒரு மில்லிமீட்டரைப் போன்றது. விடியாத இருட்டில், தலை விளக்கின் வெளிச்சத்தில், ஒவ்வொரு மரத்திலும் அந்த ஆழத்தை அளந்து சொல்ல எந்தக் கருவியும் இல்லை; கை சொல்கிறது. பட்டை தடித்த மரத்தில் அழுத்துகிறது. மெலிந்த மரத்தில் தளர்கிறது. டிரென்ட் ஆற்றங்கரையில் சென்டர்பின் ரீலின் மேல் இருக்கும் பெருவிரல் செய்வதும் இதுவேயல்லவா?

இதை அந்தத் தகப்பனாரிடம் சொன்னேன். அவர் தம் வலக்கையை ஒரு முறை விரித்துப் பார்த்துக்கொண்டார். "அப்படின்னா வாத்தியாரே, நான் பிரேக்கை நம்பி கையைச் சும்மா வச்சிருந்துட்டேன்" என்றார். இவ்வளவு நேரம் நான் சொன்னதை அவர் ஒரே வரியில் சொல்லிவிட்டார்.

அன்று மாலையே தகப்பனும் மகனும் வீட்டு வாசலில் ஒன்றரை லிட்டர் போத்தலைக் கட்டிப் பிரேக்கைச் சரிசெய்ததாகப் பையன் மறுநாள் வந்து சொன்னான். வருகைப் பதிவின்போது கையும் பழையபடி முதலில் உயர்ந்தது. திருக்கை கிடைத்ததா என்று கேட்கிறீர்களா? அடுத்த ஞாயிறு மழை. அதற்கடுத்த ஞாயிறு இரண்டு கெளுத்தி. ஆனால் நரம்பு அறவில்லை.

நேயர்களே, தூண்டில் பிடிப்பவராயினும் இல்லாவிடினும் கதவுப் பாடத்தை இன்று உங்கள் பிள்ளைகளுக்குச் செய்து காட்டுங்கள். கருவியை வாங்கும்போது அது என்ன செய்யும் என்று கேட்பதோடு, எதைச் செய்யாது என்றும் கேட்கப் பழக்குங்கள். அது செய்யாத இடத்தில்தான் நம் கைக்கு வேலை இருக்கிறது.